ரவைக்கும் குண்டுக்கும் ஒரே ரிவால்வர்: பண்ணைக்குப் பயன்படுமா?

உழவர் பயிற்சிக் கூட்டங்களில் நெல், மக்காச்சோளம், நிலக்கடலை பற்றிய கேள்விகள் முடிந்தபின், கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. "ஐயா, அமெரிக்காவிலே விவசாயிங்க ஒரு ரிவால்வர் வெச்சிருக்காங்களாமே. பாம்பைக் கண்டா ரவை, பன்றியைக் கண்டா குண்டு, ரெண்டையும் அதிலேயே போட்டுச் சுடலாமாமே. நமக்குக் கிடைக்குமா?" கைப்பேசியில் வந்த படத்தையும் எடுத்துக் காட்டுகிறார்கள். இவர்கள் வேடிக்கைக்காகக் கேட்பவர்கள் அல்லர். மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டு ஒரே இரவில் பன்றிக்குப் பறிகொடுத்தவர்களும், வரப்பில் விரியன் தீண்டி வீட்டில் ஒருவரை இழந்தவர்களும் இவர்களில் உண்டு. ஆகவே இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளாமல், அந்தக் கருவி எது, எப்படி வேலை செய்கிறது, அந்நாட்டுப் பண்ணையாளருக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். அப்படி ஒரு ரிவால்வர் உண்டு. பாம்புக்கு அது இரண்டு, மூன்று மீட்டர் தூரத்தில் உதவும். பன்றிக்கு ஏறத்தாழ உதவாது. நம் நாட்டில் பயிர்ப் பாதுகாப்புக்காக வழங்கப்படும் உரிமத்தில் அதற்கு இடமில்லை. ஏன் என்பதை இனி விளக்குகிறேன்.

ஒரே துளையில் இரு தோட்டா

பிரேசில் நாட்டின் தென்கோடி மாநிலத்தில் இயங்கும் டாரஸ் என்ற நிறுவனம் 2006ஆம் ஆண்டு இந்த ரிவால்வரை அமெரிக்கச் சந்தையில் இறக்கியது. மயாமி நகர நீதிபதிகள் சிலர் நீதிமன்றத்தில் தற்காப்புக்காக இதை வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, 'ஜட்ஜ்' என்று பெயர் சூட்டியதாக நிறுவனத்தார் கூறுவர். 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் போட்டிக்கு ஒன்றைக் கொண்டுவந்து 'கவர்னர்' என்று பெயர் வைத்தது. நீதிபதிக்கு மேல் கவர்னர்! ஆனால் எண்ணம் புதிதன்று. 1990களிலேயே 'தண்டர் ஃபைவ்' என்ற ஒன்று இதே முறையில் விற்பனைக்கு வந்தது.

ரிவால்வரின் நடுவே ஒரு சுழலும் உருளை இருக்கும். அதில் தோட்டா போடுவதற்குத் துளைகள் உண்டு. ஜட்ஜில் ஐந்து, கவர்னரில் ஆறு. விசையை இழுக்கும்போது உருளை ஒரு துளை நகர்ந்து குழலுக்கு நேராக வந்து நிற்கும். சுத்தி தோட்டாவின் அடியிலுள்ள கேப்பைத் தட்டும், மருந்து வெடிக்கும்.

இதில் போடும் தோட்டாக்கள் இரண்டு வகை. ஒன்று .410 என்னும் ரவைத் தோட்டா. ரவை என்பது நம்மூர் நாட்டுத் துப்பாக்கியில் போடும் பால்ரஸ் போன்ற சிறு மணிகள். இரண்டரை அங்குல நீளத் தோட்டாவில் சுமார் 14 கிராம் ஈய ரவை இருக்கும். பாம்புக்குப் போடும் 9ஆம் எண் ரவை ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் பருமன், ஏறக்குறைய கம்பு மணி அளவு. அதில் ஒரு தோட்டாவுக்கு ஏறத்தாழ 290 மணிகள் அடங்கும். பறவை வேட்டைக்கு வழக்கமாகப் பயன்படும் 12 போர் நீண்ட துப்பாக்கியின் தோட்டாவில் இதைப்போல் இருமடங்கு ரவை இருக்கும் என்பதை நினைவில் வைக்கவும்.

மற்றொன்று .45 கோல்ட் என்னும் குண்டுத் தோட்டா. 1873ஆம் ஆண்டு அமெரிக்கப் படைக்காக வந்த மிகப் பழைய தோட்டா இது, இன்றும் தயாராகிறது. இதில் ஒரே குண்டு, சுமார் 16 கிராம்.

இவ்விரண்டும் எப்படி ஒரே துளையில் பொருந்துகின்றன? இரண்டு தோட்டாக்களின் வெளிவட்டமும் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர்தான். ஒன்றை மனத்தில் வைத்து மற்றொன்றை யாரும் செய்யவில்லை. அளவு தற்செயலாக ஒத்துப்போயிற்று. துளையை நீளமாகக் குடைந்துவிட்டால் நீளமான ரவைத் தோட்டாவும் நுழையும், குட்டையான குண்டுத் தோட்டாவும் நுழையும். கருவியின் முழு ரகசியமும் இவ்வளவே. அதன் குறைகள் எல்லாம் தொடங்குவதும் இங்கேதான்.

புரி போட்ட குழல்

ரவை சுடும் நீண்ட துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பாக இருக்கும். குண்டு சுடும் ரைபிள், ரிவால்வர் ஆகியவற்றின் குழலுக்குள் திருகாணிப் புரிபோல் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். அப்புரியைப் பற்றிக்கொண்டு போகும் குண்டு பம்பரம்போல் சுழன்றபடி வெளியேறும். சுழல்வதால்தான் தலைகீழாகப் புரளாமல் நேரே செல்லும். குண்டுக்குப் புரி வேண்டும், ரவைக்குப் புரி ஆகாது. இரண்டையும் ஒரே குழலில் விட்டால் ஒன்றுக்குக் கெடுதல் நேர்ந்தே தீரும்.

பாம்புக்கென்றே விற்கிறார்கள், அப்படியானால் புரியில்லாத வழவழப்பான குழலாகவே செய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்ய முடியாது. காரணம் பொறியியல் அன்று, சட்டம். அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டு ஒரு தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. கொள்ளைக் கூட்டத்தார் நீண்ட ரவைத் துப்பாக்கியின் குழலை அறுத்துக் குட்டையாக்கி, மேல்கோட்டுக்குள் மறைத்துத் திரிந்த காலம் அது. 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரவைத் துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும், 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அக்காலத்தில் அது துப்பாக்கியின் விலையைவிட அதிகம். புரியில்லாத குழலோடு கையடக்கமாக ரவை சுடும் கருவியும் அச்சட்டத்தின் பிடிக்குள் வந்துவிடும். குழலில் புரி வெட்டிவிட்டாலோ அது சட்டத்தின் கண்ணுக்குச் சாதாரண ரிவால்வர். 'குண்டு சுடும் ரிவால்வர்தான் இது, ரவையும் போகும், அவ்வளவே' என்று சொல்லி விற்கலாம். ஆகவேதான் புரி. கலிபோர்னியா மாநிலம் மட்டும் இதை ஒப்பவில்லை. ரவைத் தோட்டா நுழைகிறதல்லவா, அப்படியானால் இது குட்டைக்குழல் ரவைத் துப்பாக்கியே என்று அங்கே தடை செய்திருக்கிறார்கள்.

இனி அந்தப் புரி ரவையை என்ன செய்கிறது என்று பாருங்கள். ரவை முழுவதும் ஒரு சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் அமர்ந்து குழலுக்குள் செல்கிறது. புரி அக்கிண்ணத்தைச் சுழற்றிவிடுகிறது. குழல்வாயைத் தாண்டியதும் கிண்ணம் விரிய, சுழலும் ரவை நாலா பக்கமும் சிதறுகிறது. இதை நம் உழவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். கைத்தெளிப்பானில் பூச்சிமருந்து அடிக்கும் கூம்பு முனையை நினைத்துக்கொள்ளுங்கள். முனைக்குள் இருக்கும் சுழற்றுத் தட்டு மருந்துநீரைச் சுழற்றி விடுவதால், தெளிப்பு வளையமாக விழுகிறது. ஓரத்தில் ஈரம், நடுவில் வெற்றிடம். காய்ந்த தரையில் ஒரு முறை அடித்துப் பார்த்தால் வளையம் தெரியும். ஜட்ஜ் ரிவால்வரின் ரவையும் இப்படியே வளையமாக விரிகிறது. நாம் குறி வைப்பதோ நடுவை! இலையின் எல்லாப் பக்கமும் மருந்து படவேண்டிய இடத்தில் கூம்பு முனை நல்லது. களைக்கொல்லிக்கு அதையே போட்டால் பட்டையாக விழாமல் கெடுக்கிறது என்று நாங்கள் படித்துப் படித்துச் சொல்வது இதற்காகத்தான். வேலைக்கேற்ற முனை என்பது துப்பாக்கிக்கும் பொருந்துகிறது.

இன்னொன்றும் உண்டு. குழலின் உள்ளளவு .45 குண்டுக்கு ஏற்றபடி அகலமானது. .410 ரவைக் கிண்ணம் அதைவிடச் சிறிது. உழக்கில் நாழியைப் போட்டதுபோல் இறுக்கம் இருக்காது என்று சொல்வதைவிட, நாழிக்குள் உழக்கைப் போட்டதுபோல் தளர்ந்து கிடக்கும் என்றே சொல்லலாம். அந்தச் சந்தில் புகை ஓரளவு முந்தி வெளியேறுகிறது. குழலும் பெரும்பாலும் மூன்று அங்குலமே என்பதால் மருந்து முழுவதும் எரிந்து தள்ளுவதற்குள் ரவை வெளியே வந்துவிடுகிறது. நீண்ட குழலில் கிடைக்கும் வேகம் இதில் கிடைக்காது.

ஆகவே, இதை வாங்கும் பண்ணையாளர் முதலில் செய்யவேண்டியது, பின்புறம் மண்மேடு உள்ள இடத்தில் பெரிய காகிதத்தைக் கட்டி, 2, 3, 5, 7 மீட்டர் தூரத்தில் ஒவ்வொரு தோட்டாவாகச் சுட்டு, ரவை எங்கே விழுகிறது என்று எண்ணிப் பார்ப்பதாகும். அங்குள்ள பயிற்சியாளர்கள் இதை வற்புறுத்துவார்கள். மூன்று மீட்டரில் ரவை ஏறத்தாழ ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் விழும். ஏழு மீட்டரில் முறத்தின் அகலத்தையும் தாண்டிவிடும். இடையிடையே ஒரு பாம்பு முழுதாக நழுவிப் போகும் அளவுக்கு ரவை படாத இடங்கள் இருக்கும். விளம்பரத்தில் காட்டும் படம் எப்போதும் அருகிலிருந்து சுட்ட காகிதம்தான்.

குண்டின் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. .45 தோட்டா குட்டையானது, துளையோ ரவைத் தோட்டாவுக்காக நீளமாகக் குடையப்பட்டது. ஆகவே குண்டு தன் கூட்டிலிருந்து கிளம்பி, பற்றுக்கோடில்லாமல் ஓர் அங்குல அளவு வெறுந்துளையில் தாவிய பிறகே குழலின் புரியைப் பிடிக்கிறது. பிடிக்கும்போது சற்றே சாய்ந்திருந்தால் குறி அதற்கேற்பத் தவறும். கைதேர்ந்தவர் பத்து மீட்டரில் நன்றாகவே அடிப்பார். குண்டுக்கென்றே செய்த ரிவால்வரின் துல்லியத்தை இதனிடம் எதிர்பார்த்தல் கூடாது.

பாம்பும் இரண்டு மீட்டரும்

டெக்சாஸ், ஓக்லஹோமா, அரிசோனா பக்கத்துப் பண்ணையாளர் இதை வாங்குவதற்கு முதற்காரணம் பாம்பு. அங்கே வாலில் கிலுகிலுப்பை உள்ள விரியன்கள் வேலி ஓரத்திலும் வைக்கோல் கட்டுகளுக்கு அடியிலும் கிடக்கும். நூற்றுக்கணக்கான ஏக்கரில் தனியாளாகக் கம்பி வேலி சீர்செய்யும் மனிதர் நீண்ட துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வேலை செய்ய முடியாது. இடுப்பில் தொங்கும் முக்கால் கிலோ ரிவால்வர் தொந்தரவில்லாதது. குனிந்து கம்பியைப் பிடிக்கும் இடத்தில், நகர மறுத்துச் சுருண்டு கிடக்கும் விரியனுக்கு ஒரு ரவைத் தோட்டா முடிவு கட்டும். கோழிக் கூண்டுக்குள், பிள்ளைகள் முட்டை எடுக்கப் போகும் இடத்தில் கிடந்தாலும் அப்படியே. இந்தப் பயன் உண்மையானது. இதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விரியன் தன் உடல் நீளத்தில் பாதி தூரம் வரை பாய்ந்து கொத்தும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தடிப் பாம்பானால் இரண்டரை அடி. ரவை நன்றாக வேலை செய்யும் தூரமோ ஆறடி முதல் பத்தடி வரை. அதாவது, ரிவால்வரை உருவிக் குறிபார்த்துச் சுடக்கூடிய இடத்தில் நிற்கும் மனிதர், சுடாமலே தப்பிவிட்ட மனிதர். காலடியில் மிதிபட்டுக் கொத்தும் பாம்புக்கு எந்த ரிவால்வரும் குறுக்கே வராது. உருவும் நேரமே கிடைக்காது. அமெரிக்காவில் கடிபடுவோரில் கணிசமானவர்கள், பாம்பைக் கண்டபின் விலகாமல் அதைப் பிடிக்கவோ கொல்லவோ நெருங்கியவர்கள்.

கொன்ற பிறகும் ஆபத்து நீங்குவதில்லை. 2018ஆம் ஆண்டு டெக்சாஸில் கார்ப்பஸ் கிறிஸ்டி நகருக்கு அருகே ஒருவர் தம் தோட்டத்தில் விரியன் ஒன்றின் தலையை மண்வாரியால் வெட்டிவிட்டு, சிறிது நேரங்கழித்துத் துண்டுகளை அப்புறப்படுத்தக் குனிந்தார். அறுபட்ட தலை அவர் கையைக் கடித்துவிட்டது. 26 குப்பி விஷமுறிவு மருந்து செலுத்தித்தான் அவரைக் காப்பாற்றினார்கள். வெட்டுப்பட்ட தலைக்கு அந்தக் கடிக்கும் அனிச்சைச் செயல் நெடுநேரம் இருக்கும். செத்த பாம்பானாலும் நீண்ட கம்பால்தான் தள்ள வேண்டும்.

அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏழாயிரம் முதல் எண்ணாயிரம் பேரை விஷப்பாம்பு கடிக்கிறது. இறப்பவர் சுமார் ஐந்து பேர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்த ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம் துப்பாக்கியால் வந்ததா? இல்லை. கணுக்காலுக்கு மேல் ஏறிய தோல் பூட்ஸ், இரவில் வெளிச்சம், கடித்தால் ஒரு மணி நேரத்தில் மருத்துவமனை, அங்கே மருந்து. பாம்பின் வகையும் மக்கள் நெருக்கமும் வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவற்றில் ரிவால்வருக்குப் பங்கு மிகச் சிறிது.

பன்றிக்கு?

அமெரிக்காவிலும் காட்டுப்பன்றித் தொல்லை கடுமையானது. வீட்டுப்பன்றி ஓடிப்போய்க் காட்டுப்பன்றியோடு கலந்து பெருகிய இனம் அது. அறுபது லட்சத்துக்கு மேல் இருப்பதாகவும், ஆண்டுக்கு 250 கோடி டாலர் அளவு சேதம் செய்வதாகவும் அந்நாட்டு வேளாண்துறை மதிப்பிடுகிறது. டெக்சாஸில் 2019 முதல், நில உரிமையாளர் அனுமதியோடு தனியார் நிலத்தில் பன்றியைச் சுட வேட்டை உரிமமே தேவையில்லை. அவ்வளவு தாராளம்.

அப்படியிருந்தும் பன்றிக்கு யாரும் இந்த ரிவால்வரை நம்புவதில்லை. கம்பு மணி அளவு ரவை பன்றியின் தோலைத் தாண்டிப் பெரிதாக எதுவும் செய்யாது, கோபத்தைத்தான் கிளப்பும். பெரிய ரவை நான்கைந்து கொண்ட தோட்டாவும் உண்டு. அதுவும் மிக அருகில் மட்டுமே. .45 குண்டு பன்றியைக் கொல்லும், ஐயமில்லை. ஆனால் இருட்டில், நாற்பது மீட்டருக்கு அப்பால் ஓடும் பன்றியைக் குட்டைக்குழல் ரிவால்வரால் அடிப்பது நடக்காத காரியம். காயத்தோடு ஓடிய பன்றி அடுத்த நாள் ஆள்மேல் பாயும். அங்கே சுடுபவர்கள் ரைபிள்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் முக்கியமாக, ஒன்றிரண்டைச் சுடுவதால் பன்றி குறைவதில்லை என்பது அந்நாட்டு விரிவாக்கத் துறையின் அனுபவம். சத்தம் கேட்ட கூட்டம் பிரிந்து, பக்கத்துத் தோட்டத்துக்குப் போய், சில நாளில் திரும்பி வரும். ஆகவே வட்டமாகக் கம்பிவலைப் பட்டி அமைத்து, சில வாரம் மக்காச்சோளம் போட்டுப் பழக்கி, முழுக் கூட்டமும் உள்ளே வந்தபின் ஒரே முறையாகக் கதவை இறக்கிப் பிடிக்கும் முறையையே அவர்கள் வற்புறுத்துகிறார்கள். பொறுமை வேண்டிய வேலை. பாதிக் கூட்டம் வந்ததும் கதவை இறக்கிவிட்டால், வெளியே நின்ற மீதி பிறகு எந்தப் பட்டிக்குள்ளும் நுழையாது.

வீட்டில் வைத்திருப்பது

வாங்குவது ஒரு நாள் வேலை, வைத்திருப்பது ஆயுள் முழுவதும். அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்த்த பிறகே கடைக்காரர் கொடுப்பார். அதற்குப்பின் கவனிப்பு முழுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு.

முதலில் காது. குட்டைக் குழல் கைத்துப்பாக்கியின் சத்தம் 140 டெசிபலுக்கு மேல். கோழிக் கூண்டுக்குள் காதை மூடாமல் ஒரு முறை சுட்டால்கூடச் செவித்திறன் திரும்பாமல் போகலாம். அடுத்தது கண். பாறையிலும் காங்கிரீட்டிலும் பட்ட ரவை திரும்பித் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் அருகில் சுடுதல் கூடாது. மூன்றாவதாக, எந்தத் துளையில் எந்தத் தோட்டா இருக்கிறது என்ற குழப்பம். சிலர் முதல் இரண்டில் ரவையும் மற்றவற்றில் குண்டும் போடுவார்கள். உருளையைத் திறந்து மூடியதில் வரிசை மாறிவிட்டால், பாம்புக்கென்று இழுத்த விசையில் குண்டு புறப்படும். ரவை சிறிது தூரத்தில் ஓய்ந்துவிடும்; .45 குண்டு கூண்டின் பலகையைத் துளைத்து, அப்பால் யார் நிற்கிறார் என்று பாராமல் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும். இரு தோட்டாக் கருவியின் தனி ஆபத்து இது. என்னைக் கேட்டால், ஒரு நேரத்தில் ஒரே வகைத் தோட்டாதான் போட வேண்டும். அப்படிப் போடுவதானால் இரண்டுக்கும் ஒன்று என்று வாங்கியதன் சிறப்பு எங்கே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி.

எல்லாவற்றிலும் பெரியது பூட்டு. 2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேல்! பாம்புக்கடியால் இறந்த ஐந்து பேரை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாம்புக்கு என்று வாங்கி, அலமாரி மேல் தோட்டாவோடு கிடக்கும் ரிவால்வர், வறட்சி வந்து கடன் முற்றிய ஆண்டில், ஒரு கெட்ட இரவில், வீட்டுக்காரரின் கைக்கு எட்டும் பொருளாகிவிடுகிறது. நம் வீடுகளில் அந்த இடத்தில் இருப்பது பூச்சிமருந்து டப்பா. உள்ளத்தில் எழும் அந்த வேகம் பலருக்குச் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் நிற்கும். அந்த நேரத்தில் பொருள் கைக்கு எட்டாதிருந்தால் உயிர் தங்கும். இலங்கையில் கொடிய நச்சுப் பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபின் தற்கொலைச் சாவுகள் பெரிதும் குறைந்தது இதற்குச் சான்று. அங்கே துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டு, தோட்டாவை வேறிடத்தில் பூட்டு, மனம் சரியில்லாத காலத்தில் நம்பகமானவரிடம் கொடுத்து வை என்கிறார்கள். இங்கே மருந்து டப்பாவுக்கும் அதையே செய்யுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். மனம் தாளாத நிலையில் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

நம் நாட்டுச் சட்டம்

நமது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர வகை செய்கிறது. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத, புரியில்லாத குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்குத் தரலாம். அமெரிக்கச் சட்டம் 18 அங்குலம் என்று கோடு போட்டதுபோல், நம் சட்டம் 20 அங்குலம் என்று போட்டிருக்கிறது. ஜட்ஜ் ரிவால்வரின் குழல் மூன்று அங்குலம், புரியும் உண்டு. இரண்டு வகையிலும் அது இந்த உரிமத்துக்குள் வராது. யாராவது 'ஏற்பாடு செய்து தருகிறேன்' என்று பணம் கேட்டால் கொடுத்து ஏமாற வேண்டாம். உரிமமில்லாத துப்பாக்கி, நாட்டுத் துப்பாக்கியே ஆனாலும், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் குறைந்தது இரண்டு ஆண்டுச் சிறையில் கொண்டுபோய் விடும்.

உரிமம் இருந்தாலும் அதைக்கொண்டு காட்டு விலங்கை நாமே சுடலாம் என்று பொருளில்லை. நாகமும் கண்ணாடி விரியனும் வனவுயிர்ச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. வீட்டில் பாம்பு புகுந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லி அனுப்ப வேண்டும். வயலில் கண்டால் நாலடி விலகி வழி விட்டால் அது போய்விடும். எலி வளையை மூடுவதும், வீட்டுச் சுவரோடு விறகும் செங்கலும் அடுக்காதிருப்பதும், இரவு நீர் பாய்ச்சப் போகையில் டார்ச்சும் பூட்ஸும் தவறாமல் எடுத்துச் செல்வதும் பாம்புக்கு நாம் செய்யக்கூடிய காரியங்கள். கடித்துவிட்டால் கீறக் கூடாது, இறுகக் கட்டக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, 108 வண்டியை அழைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்து என்பதால், பாம்பைக் கொன்று எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை.

காட்டுப்பன்றி பற்றித் தமிழக அரசு 2025 சனவரியில் ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடுபவர் வனத்துறையினரே, விவசாயி அல்லர் என்பதைக் கவனிக்கவும். அவுட்டுக்காய் வைப்பதும் வேலியில் மின்சாரம் விடுவதும் குற்றம் மட்டுமல்ல. அவற்றில் சிக்கி மாண்ட மாடுகளும் மனிதர்களும் அநேகர். சேதம் கண்ட அன்றே, மிதிபட்ட பயிரைத் திருத்துவதற்கு முன்பு, கால்தடம் தெரியும்படி போட்டோ எடுத்து, சர்வே எண்ணைக் குறித்து, வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்க. பக்கத்துக் காட்டுக்காரர்களும் சேர்ந்து கொடுத்தால் கூட்டம் எந்தத் தடத்தில் வருகிறது என்பதும் அவர்களுக்கு விளங்கும்.